எந்தக் கொமிட்டின் மேல்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. எங்கள் ஊர் கிளிவெட்டியில் பெரும்போக அறுவடை முடிகிற காலம் அது. முந்திய வருடம் இரசாயன உரத்துக்கு விதித்த தடையால் விளைச்சல் விழுந்திருந்தது. வெட்டுகிற மெசினுக்கு டீசல் கிடைக்காமல் சிலருடைய கதிர் முற்றி வயலிலேயே நின்றது. கரண்ட் போய்ச் சில மணி நேரத்தில் தொலைபேசிக் கோபுரத்துப் பற்றரியும் இறங்கிவிடும். ஃபோனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து இல்லாமல் போகும்.

அப்படிச் சிக்னல் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் எங்கள் குழுவை நடத்திய அக்கா கொழும்பிலிருந்து கூப்பிட்டார். இணைப்பு அறுவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்ற அவசரம் குரலில் தெரிந்தது.

"தம்பி, வரி மொடியூல் இந்த ரிலீஸில போகாது. மேல நிப்பாட்டச் சொல்லிட்டாங்க. ஆனா தமிழ் பில் புது வருசத்துக்கு முன்னம் கடைகளுக்குப் போக வேணும். உங்கட பிராஞ்சைக் கழட்டி 3.4க்கு மேல வைக்க ஏலுமா?"

"ஏலும் அக்கா. எப்பைக்கு..." என்று நான் கேட்டு முடிக்கவில்லை, லைன் போய்விட்டது.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது கொழும்பிலிருந்து ஊருக்கு வந்தவன் நான். பிறகு நிறுவனம் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றது, தங்கிவிட்டேன். அப்பாவின் காலத்தில் கிளிவெட்டியிலிருந்து திருகோணமலை நகரத்துக்குக் கரையோர வீதியால் போவதென்றால் துறைக்குத் துறை இறங்கிப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலமும் 2011இல் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் திறந்த பிறகுதான் பஸ்ஸில் ஏறினால் இறங்காமல் போகலாம் என்றானது. அந்த வீதியோடுதான் கோபுரங்களும் இணையமும் நெருங்கி வந்தன. கொழும்பு வேலையை இங்கிருந்து பார்க்க முடிந்தது அதனால்தான். ஆனால் அந்த மார்ச்சில் கரண்டும் சிக்னலும் இல்லாத மணித்தியாலங்கள் நாளின் பாதியைத் தின்றன.

மென்பொருளில் செய்கிற மாற்றங்களின் வரலாற்றைக் காக்கிற கிட்டின் அருமையை அந்த மணித்தியாலங்களில்தான் உணர்ந்தேன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதை எழுதத் தொடங்கியபோது, திட்டத்தின் வரலாறு முழுவதும் அதில் வேலை செய்கிற ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும்படி அமைத்தார். பழைய கொமிட்டைப் பார்க்க, இரண்டு கிளைகளை ஒப்பிட, ஒரு கிளையைக் கழற்றி இன்னொன்றின் மேல் வைக்க எந்த சேர்வரையும் கேட்க வேண்டியதில்லை. எழுதி முடித்ததை மற்றவர்களுக்கு அனுப்பும்போதும் அவர்கள் எழுதியதை எடுக்கும்போதும் மட்டுமே இணையம் தேவை. லப்டொப்பில் சார்ஜ் இருந்தால் போதும், அக்கா கேட்ட வேலையை இருட்டிலும் செய்யலாம்.

வேலை என்னவென்று சொல்ல வேண்டும். கடைகளுக்கான விற்பனை மென்பொருள் ஒன்றை எங்கள் குழு செய்துகொண்டிருந்தது. பில்லைத் தமிழில் அச்சிடும் பகுதி என்னுடையது. கடைகளில் இருக்கிற சிறிய தேர்மல் பிரின்டர்களுக்குப் பெரும்பாலும் தமிழ் எழுத்து தெரியாது. கொம்பு எங்கே, கால் எங்கே என்று சேர்க்க அவற்றால் முடியாது. ஆகவே பில்லின் ஒவ்வொரு வரியையும் கணினியிலேயே படமாக வரைந்து, புள்ளி புள்ளியாகப் பிரின்டருக்கு அனுப்ப வேண்டும். சீனி, பருப்பு, மா என்று அம்மா கடையில் வாங்குகிற பொருளின் பெயர் அவருக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்தில் வர வேண்டும் என்பது எனக்குப் பெரிய விஷயம். அந்த வேலையை மனம் வைத்துச் செய்திருந்தேன்.

தமிழ் பில் கிளையை நான் தொடங்கியது வரிக் கிளையிலிருந்து. குழுவில் இன்னொருவர் வரிக் கணக்கை முழுதாகத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். அதுதான் முதலில் வெளியாகும், அதன் மேல் கட்டுங்கள் என்பது அன்றைய முடிவு. ஒரு கிளையின் மேல் இன்னொரு கிளையை அடுக்குவது குழு வேலையில் சாதாரணம். அடியில் இருக்கிற கிளை நின்றுபோனால் மேலே இருப்பதும் சேர்ந்து நிற்கும். அதுதான் நடந்தது.

சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டுப் பார்த்தேன். எல்லாக் கடைகளிலும் ஓடிக்கொண்டிருந்த 3.4 ஒரு புள்ளி. அதிலிருந்து மேலே போகிற வரி கொமிட்டுகள். அவற்றின் நுனியில் தொடங்குகிற என் கொமிட்டுகள். என்னுடையவற்றை மட்டும் எடுத்து 3.4க்கு மேல் வைக்க வேண்டும்.

கொமிட் என்பது என்ன என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். ஒவ்வொரு கொமிட்டும் தனக்கு முந்திய கொமிட்டின் பெயரைத் தன்னுள் வைத்திருக்கிறது. கோப்புகளின் நிலை, எழுதியவர் பெயர், திகதி, குறிப்பு, முந்திய கொமிட்டின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து எஸ்.எச்.ஏ.-1 முறையில் கணக்கிட்டால் 40 எழுத்தில் ஒரு பெயர் வரும். அதுதான் அந்தக் கொமிட்டின் பெயர். ஆகவே அடியில் ஒன்று மாறினால் அதற்கு மேலே உள்ள அத்தனையின் பெயரும் மாறும். இருக்கிற கொமிட்டை யாராலும் இடம் மாற்ற முடியாது. ரீபேஸ் அதில் செய்த மாற்றத்தை மட்டும் எடுத்து, வேறொரு கொமிட்டின் மேல் புதிய கொமிட்டாக மறுபடி எழுதுகிறது. பழையது அப்படியே கிடக்கும். கிளையின் பெயர் மட்டும் புதியதைச் சுட்டத் தொடங்கும். எந்தக் கிளையிலும் சேராமல் போன கொமிட்டுகளையும் ரெஃப்லொக் வழக்கமாக 30 நாள் வரை நினைவில் வைத்திருக்கும். இதைத் தெரிந்தவர்களுக்கு ரீபேஸில் பயம் இல்லை.

சாதாரண ரீபேஸ் கேட்பது ஒரே கேள்வி: எதன் மேல்? அந்தப் பதிலை வைத்தே எங்கிருந்து வெட்டுவது என்பதையும் அது தீர்மானித்துவிடும். 3.4இல் இல்லாமல் என் கிளையில் இருப்பவை எல்லாம் அதன் கணக்கில் என் வேலைதான். அப்படிச் செய்திருந்தால் நிறுத்தச் சொன்ன வரி வேலையும் கூடவே வந்திருக்கும். --ஒன்டு என்று சேர்த்தால் கேள்வி மூன்றாகிறது. எதன் மேல் வைப்பது, எதற்குப் பிறகு வெட்டுவது, எந்தக் கிளையை எடுப்பது.

மூன்றாவதில் குழப்பம் இல்லை, என் கிளைதான். இரண்டாவதில்தான் கண் வைக்க வேண்டியிருந்தது. 'வரி' என்று அந்தக் கிளையின் பெயரைக் கொடுத்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வரிக் கிளைக்காரர் இடையில் தன் கொமிட்டுகளை ஒழுங்குபடுத்தி எழுதியிருந்தார். அவர் கிளையின் பெயர் இப்போது புதிய கொமிட்டுகளைச் சுட்டியது. என் கிளை நின்றதோ அவருடைய பழைய கொமிட்டுகளின் மேல். மாற்றம் ஒன்றுதான், பெயர் வேறு. 'வரிக்குப் பிறகு' என்று சொன்னால் அந்தப் பழைய கொமிட்டுகளில் அவர் சேர்த்தும் பிரித்தும் மாற்றியவையெல்லாம் என் வேலையாக எண்ணப்பட்டு 3.4க்கு மேல் ஏறிவிடும். கொமிட்டுகளின் பட்டியலான லொக்கை எடுத்து மேலிருந்து கீழே வாசித்தேன். என் பெயர் முடிந்து அவர் பெயர் தொடங்குகிற இடத்தைக் கண்டு, அந்தக் கொமிட்டின் முதல் ஏழு எழுத்துகளைக் கொப்பியில் எழுதி வட்டம் போட்டேன். கிளைப் பெயர் நகரும். கொமிட்டின் பெயர் நகராது. வெட்டுகிற இடத்தைச் சொல்லும்போது நகராததைத்தான் சொல்ல வேண்டும் என்பது அன்றுமுதல் என் வழக்கம்.

முதல் கேள்விக்கு அக்கா பதில் சொல்லியிருந்தார்: 3.4. மெயின் கிளையின் நுனியில் வைத்திருக்கலாமே என்று புதியவர்கள் கேட்பார்கள். நுனியில் அன்று யார் எதைப் பாதியில் விட்டிருந்தார்கள் என்பது யாருக்கும் நிச்சயமில்லை. 3.4 கடைகளில் மாதக்கணக்காக ஓடிய ஒன்று. அதன் குறைகள் எல்லாம் எங்களுக்குத் தெரியும். லினக்ஸ் கேர்னலைப் பராமரிப்பவர்களுக்கான வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது: அடி மாற்றுவதானால் எல்லோருக்கும் தெரிந்த, நிலைத்த ஒரு புள்ளிக்கு மாற்றுங்கள், நடுவில் கிடக்கிற ஏதோ ஒரு கொமிட்டுக்கு வேண்டாம்.

கேர்னலின் கிட் வரலாறே அப்படித் தெரிந்தெடுத்த ஒரு புள்ளியில்தான் தொடங்குகிறது. லினக்ஸ் பிறந்தது 1991இல். ஆனால் இன்று அந்தக் களஞ்சியத்தை இறக்கி அடிவரை போனால் 2005 ஏப்ரலின் 2.6.12-ஆர்சி2 என்ற கொமிட்டில் நின்றுவிடும். அதற்கு முந்திய வரலாறு கையில் இருந்தும், அதன் பருமனைக் கருதி டோர்வால்ட்ஸ் அதைக் கொண்டுவரவில்லை. பழையதைத் தனிக் களஞ்சியமாக வேறு சிலர் காத்தார்கள். விரும்புகிறவர் அதை அடியில் ஒட்டிப் பார்க்கலாம். எங்கே தொடங்குவது என்று ஒருவர் முடிவெடுத்தார், விட்டுவந்தது எங்கே இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்த தகவல்களில் இது ஒன்று.

கட்டளையை அடிப்பதற்கு முன் லப்டொப் சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது. பக்கத்து ஒழுங்கையில் என்னோடு படித்த நண்பனின் வீடு. அவன் கூரையில் ஒரு சின்ன சோலார் தட்டும் உள்ளே ஒரு இன்வேட்டரும் வைத்திருந்தான். பாதி ஊரின் ஃபோன்கள் அவன் விறாந்தையில் சார்ஜில் கிடந்தன. எனக்கும் ஒரு பிளக் விட்டுத் தந்து, பிளேன்ரீ கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

என் கொமிட்டுகளுக்கு அடியில் ஒன்று தேவைப்பட்டது. பணத் தொகையைச் சதம் வரை சரிசெய்து எழுதுகிற ஒரு சிறிய ஃபங்ஷன். அதை வரிக் கிளைக்காரர் எழுதியிருந்தார், என் பில் அதைக் கூப்பிடுகிறது. 3.4இல் அது இல்லை. அதை நானே திரும்ப எழுதலாம். ஆனால் அவருடைய அந்த ஒரு கொமிட்டை மட்டும் செரி-பிக் செய்து 3.4க்கு மேல் வைத்து, அதற்கு மேல் என்னுடையவற்றை வைப்பதே சரி என்று பட்டது. வேலை அவருடையது, பெயரும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

செரி-பிக் முடிந்ததும் லொக்கை முழு விபரத்தோடு திறந்தேன். நண்பன் திரையை எட்டிப் பார்த்தான்.

"இதென்னடா, ஒரு வேலைக்கு ரெண்டு பேர், ரெண்டு திகதி?"

"மேல இருக்கிறது எழுதின ஆளும் எழுதின நாளும். கீழ இருக்கிறது இந்த இடத்தில கொண்டுவந்து வைச்ச ஆளும் நாளும்."

"இடம் மாத்தினாலும் முந்தினது அழியாதா?"

"நாங்களா அழிக்கச் சொன்னாத்தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "என்ட பிறப்புப் பத்திரமும் இப்பிடித்தான். பிறந்த திகதி, ஊர் எல்லாம் பழசு. பிரதி தந்த திகதி முகாமுக்கு வந்த பிறகு."

அவன் சம்பூர்ப் பக்கத்தவன். 2006 ஏப்ரலில் குண்டு விழத் தொடங்கியதும் அந்தப் பகுதிச் சனம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டது. வாகரைப் பக்கமும் மட்டக்களப்புமாக அலைந்து, அடுத்த வருடத்திலிருந்து பல குடும்பங்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் தகரக் கொட்டில்களில் இருந்தன. சொந்தக் காணி உயர் பாதுகாப்பு வலயமாகிக் கிடந்தது. திரும்பிப் போக விட்டது 2015, 2016இல்தான். அவன் பெற்றோர் போனார்கள். அவன் இங்கே கலியாணம் செய்து இருந்துவிட்டான். எங்கள் வகுப்பில் முகாமிலிருந்து வந்த பிள்ளைகள் பலர். புதிதாக யார் வந்தாலும் இடாப்பில் சேர்ந்த திகதியைப் போட்டுவிட்டு, முன்பு படித்த பள்ளிக்கூடம் என்ற இடத்தில் அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கவனமாகக் கேட்டு எழுதின ஓர் ஆசிரியை எங்களுக்கு இருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அப்போது யாரும் போக முடியாது. ஆனாலும் எழுதினார்.

ரீபேஸ் எழுதியவர் பெயரையும் எழுதிய நேரத்தையும் தொடாமல் விடுகிறது என்பது கையேட்டில் வாசித்துக் கடந்த விஷயம். அன்று அது எனக்கு வேறு பாரத்தோடு தெரிந்தது. அதை அப்படி வடிவமைத்தவர்களை மனதார மதிக்கிறேன். சில குழுக்களில் ரிலீஸுக்கு முன் எல்லாத் திகதிகளையும் ஒரே நாளாக்கி 'சுத்தம்' செய்கிறார்கள். அதை நான் என் கையால் செய்வதில்லை.

பிறகு கட்டளையை அடித்தேன்: கிட் ரீபேஸ் --ஒன்டு, அதற்குப் பின் செரி-பிக்கோடு நிற்கிற 3.4, வட்டம் போட்ட ஏழு எழுத்து, என் கிளையின் பெயர். முதல் சில கொமிட்டுகள் ஏறின. பிரின்டர் அமைப்புக் கோப்பில் மோதல் வந்து நின்றது. மோதலைத் தீர்க்கும்போது ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும்: ரீபேஸில் 'அவர்ஸ்' என்பது கீழே இருக்கிற புது அடி, 'தேயர்ஸ்' என்பது நாம் எழுதியது. மேர்ஜில் பழகிய கை இதைத் தலைகீழாகப் பிடித்துவிடும். அந்தக் கோப்பில் வேண்டியது இரண்டிலிருந்தும்தான். வரி வரியாகப் பார்த்துச் சேர்த்தேன். தொடர்ந்தேன். மற்றவை சத்தமில்லாமல் ஏறி முடிந்தன.

சத்தமில்லாமல் முடிந்ததைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும். ரீபேஸில் எக்செக் என்று ஒன்று உண்டு: ஒவ்வொரு கொமிட்டை வைத்த பிறகும் நாம் சொல்கிற ஒரு கட்டளையை ஓட்டும், அது தோற்றால் அந்த இடத்திலேயே நிற்கும். டெஸ்ட்டுகளை அதில் கொடுத்து மறுபடி ஓட்டினேன். பில்லின் மொத்தத் தொகையை அச்சிடுகிற கொமிட்டில் நின்றது. 1,250 ரூபாய்ச் சாமானுக்கு அன்றைய 8 சதவீத வற் வரியோடு ஆங்கில பில் 1,350 என்றது. தமிழ் பில் 1,250 என்றது.

மோதல் எதுவும் இல்லை, ஒரு எழுத்தும் இடிபடவில்லை. வரிக் கிளையில் மொத்தத்தைத் தருகிற ஃபங்ஷன் வரி சேர்த்துத் தரும். 3.4இல் அதே பெயருள்ள ஃபங்ஷன் வரி இல்லாமல் தரும், வரியை ஆங்கில பில் பிறகு சேர்க்கும். நான் எழுதிய நிரல் வரிகள் புதிய அடியில் எழுத்துப் பிசகாமல் இருந்தன. அவை நம்பிய அடிதான் வேறாகியிருந்தது. இதை கிட் கண்டுபிடிக்காது, கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. அது பார்ப்பது எழுத்தை. அந்த டெஸ்ட் இல்லாமல் அப்படியே போயிருந்தால், தமிழில் பில் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் கடைக்காரர் 'பில்லில் இருப்பதைவிட நூறு ரூபாய் கூடத் தாங்கோ' என்று கேட்க வேண்டி வந்திருக்கும். எண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்று களைத்திருந்த சனத்திடம், அந்த மாதத்தில்.

நின்ற இடத்திலேயே அந்தக் கொமிட்டைத் திருத்தினேன். மேலே இன்னொரு கொமிட்டாகத் திருத்தம் போடாமல் அதையே திருத்தியதற்குக் காரணம் உண்டு. பிறகு யாராவது அந்தப் பகுதியைத் தனியாக எடுத்து வேறெங்காவது வைக்க நேர்ந்தால், பிழையான கணக்கோடு ஒரு கொமிட் வரலாற்றில் அகப்படக் கூடாது. கடைசியில் ரேஞ்ச்-டிஃப் என்ற கட்டளையால் பழைய வரிசையையும் புதிய வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாறியவை இரண்டு கொமிட்டுகள் மட்டும், இரண்டும் நான் கை வைத்தவை. மற்றவை அச்சொட்டாக அப்படியே.

சிக்னல் சாமத்தில் வந்தது. பழைய கிளையை அழித்து அதே பெயரில் புதியதை ஃபோர்ஸ் புஷ் செய்யவில்லை. டெஸ்டிங் பார்க்கிற தங்கச்சி ஒருத்தி அந்தக் கிளையை இறக்கி வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் கணினியில் இருக்கிற வரலாற்றை அவளுக்குத் தெரியாமல் நான் மாற்றக் கூடாது. தனக்குள் இருக்கும்வரை எத்தனை தடவையும் ஒருவர் திருத்தி எழுதலாம். இன்னொருவர் அதன் மேல் காலை வைத்த பிறகு அது அவருடையதும் ஆகிவிடுகிறது. வேறு வழியே இல்லாமல் ஃபோர்ஸ் செய்ய வேண்டி வந்தால் --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடலாம்: நான் கடைசியாகப் பார்த்த பிறகு வேறு யாராவது அங்கே எதையாவது வைத்திருந்தால் அது மறுத்துவிடும். அதற்கும் முன் ஒரு குறுஞ்செய்தி போடுவது இன்னும் நல்லது. நான் புதிய பெயரில் அனுப்பி, பழையதில் எந்தக் கொமிட் புதியதில் எதுவாக ஆகியிருக்கிறது என்று எழுதி, மொத்தத் தொகையில் செய்த மாற்றத்தைத் தனியாகக் குறிப்பிட்டேன். வரிக் கிளைக்காரருக்கும் ஒரு வரி: உங்கள் ஃபங்ஷனை எடுத்திருக்கிறேன், பெயர் உங்களுடையதுதான்.

தமிழ் பில் சித்திரைப் புதுவருடத்துக்கு முன் கடைகளுக்குப் போனது.

அந்த வருடம் ஜூன் 1இலிருந்து வற் வரி 8 சதவீதத்திலிருந்து 12 ஆனது. நிறுத்தி வைத்த வரிக் கிளையை எழுப்பச் சொன்னார்கள். இப்போது மெயின் கிளையில் என் தமிழ் பில் இருந்தது, அவர் கிளை அதற்கு மேல் வர வேண்டும். சாதாரண ரீபேஸே அவருக்குப் போதும். இடையில் அவர் கூப்பிட்டார்.

"தம்பி, என்ட ஒரு கொமிட்டை ஏற்கெனவே இருக்கெண்டு ஸ்கிப் பண்ணுது. என்ன அது?"

செரி-பிக் செய்த அந்தச் சிறிய ஃபங்ஷன். மாற்றத்தின் உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால், கொமிட்டின் பெயர் வேறாக இருந்தாலும், ரீபேஸ் அதை அடையாளம் கண்டு இரண்டாவது தடவை வைக்காமல் தாண்டிவிடும். லொக்கைத் திறந்து பார்க்கச் சொன்னேன். மெயினில் தன் பெயரையும் ஜனவரித் திகதியையும் கண்டுவிட்டு, "அது சரி, அப்ப தொடரலாம்" என்றார். மொத்தத் தொகை ஃபங்ஷனில் மட்டும் மறுபடி ஒரு மணித்தியாலம் இருவருமாக உட்கார்ந்தோம், இந்தமுறை தமிழ் பில்லையும் அவருடைய கணக்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. செப்டெம்பர் 1இல் வற் 15 சதவீதமானபோது மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு எண்ணைத்தான்.